குழாயிலிருந்து பதினான்காவது கல்

போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது படியோரம் நின்று எண்ணினேன். கைத்தடி ஒன்பது. தள்ளிக்கொண்டு போகும் நடைவண்டி நான்கு. மகனுடையதோ மருமகளுடையதோ தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் ஆறு. அந்தப் பத்தொன்பது பேருக்குத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு எழுதவில்லை. பாதிப் பேருக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு நேரம் இல்லை.

மண்டபத்தில் இளைஞர் குழு ஒரு மேசை போட்டிருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோடை விடுமுறையில் வேல்ஸ் கரையோரமாக ஒரு நடை யாத்திரை. பழைய கெல்டிக் துறவிகள் நடந்த பாதையாம். சுவரொட்டியில் நீலக் கடல், பச்சைப் புல், சிரிக்கிற பிள்ளைகள், மூன்று செம்மறிகள். மேசையில் இருந்த பெண் என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“அங்கிள், நீங்களும் வாங்கோவன். நடக்க ஏலாத ஆக்களுக்கு மினிபஸ் இருக்கு.”

“நான் அந்த வழியாலை போனனான், பிள்ளை.”

“ரியலி? எப்ப, அங்கிள்?”

“உம்மடை அம்மா பிறக்க முந்தி.”

“அப்ப வந்து எங்களுக்கு ஒரு ஷெயாரிங் தாங்கோ. பத்து நிமிஷம் போதும்.”

பத்து நிமிடத்தில் சொல்லக்கூடியதாக இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் யாருக்காவது சொல்லியிருப்பேன். தலையை ஆட்டிவிட்டு கோலியர்ஸ் வுட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன். முன்கதை தெரியாமல் கேட்டால் கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்பீர்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்குப் பதின்மூன்று. எங்கள் கடவுச்சீட்டில் இன்னும் சிலோன் என்றுதான் இருந்தது. டூட்டிங்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள். அப்பா ஊரில் பள்ளிக்கூட வாத்தியார், ஞானோபதேசமும் படிப்பித்தவர். இங்கே தபால் கந்தோரில் கடிதம் பிரித்தார். கீழ்த்தளத்தில் ஓர் ஐரிஷ் மனுசி இருந்தா. பிரிட்டிஷ் குளிரில் எங்களுக்குத் தெரிந்த சூடான இடங்கள் இரண்டே இரண்டு: மண்ணெண்ணெய் அடுப்பின் முன்பக்கம், அந்த மனுசியின் குசினி.

அந்தக் குளிர்காலத்தில் அம்மா கர்ப்பமாக இருந்தார். பெட்டிக்கு அடியிலிருந்து ஞானஸ்நான உடுப்பை எடுத்துத் தோய்த்துக் காயவைத்தார். அந்த உடுப்பு அம்மாவின் கலியாண வெள்ளைச் சேலையின் தலைப்பை வெட்டித் தைத்தது. அக்கா அதைப் போட்டிருக்கிறாள். நான் போட்டிருக்கிறேன். கழுத்தைச் சுற்றி சின்னச் சின்ன முத்துகள், இருபத்திரண்டு. இருபத்து மூன்றாவதை நான் குழந்தையாக இருக்கும்போது கடித்து விழுங்கிவிட்டேன் என்று அக்கா சொல்லுவாள். அடுப்பின் முன்னால் கதிரையில் தொங்கிக்கொண்டு மண்ணெண்ணெய் மணத்தோடு அது காய்ந்ததை இப்போதும் பார்க்க முடிகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவும் அம்மாவும் மட்டும் வந்தார்கள். பைக்குள் உடுப்பு மெல்லிய தாளில் சுற்றியபடியே இருந்தது. அப்பா எங்கள் இருவரையும் கட்டிலில் இருத்திச் சொன்னார்.

“உங்களுக்கு ஒரு தங்கச்சி பிறந்தவ. அவ மோட்சத்துக்குப் போட்டா.”

அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “பிள்ளையளுக்குப் பொய் சொல்லாதேங்கோ.”

அப்பாவே படிப்பித்த ஞானோபதேசம்தான் அம்மாவின் வாயிலிருந்து வந்தது. ஞானஸ்நானம் பெறாமல் போன குழந்தை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது. நடுவில் எங்கோ கிடக்கும். இன்று எந்தச் சாமியாரும் அப்படிப் பிரசங்கம் செய்வதில்லை. அன்று எங்கள் வீட்டில் அதை நம்பினார்கள்.

அம்மாவுக்குக் குழந்தையைக் காட்டவில்லை. தாதி ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுபோய்விட்டாள். அம்மா ஒரு கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

“எங்கை வைச்சவை?”

“ஆஸ்பத்திரிக்காரர் எல்லாம் பாப்பினம். நீர் படுத்திரும்.”

“எந்தச் சேமக்காலையிலை அடக்கம் செய்தவை?”

“இஞ்சை அப்பிடித்தான். கேக்கிறேல்லை.”

ஒரு மாதம்போலக் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்தினார். கேட்பதோடு பேசுவதையும் நிறுத்தினார். அக்கா பருப்பை அடிப்பிடிக்க வைத்தாள், பாணைக் கருக்கினாள். அம்மா ஜன்னலோரம் உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு முத்துகளைச் செபமாலைபோலத் தள்ளிக்கொண்டிருப்பார். அப்பா வேலையால் வந்து அறைக்குள் எட்டிப் பார்ப்பார், தொப்பியைக் கழற்றுவார், மீண்டும் எட்டிப் பார்ப்பார். அவர் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தார். சாப்பாடு சரியில்லாததால் என்று நான் நினைத்தேன்.

கீழ்த்தளத்து ஐரிஷ் மனுசி ஒருநாள் தேநீர்ப் பாத்திரத்தோடு மேலே வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தா. அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். அக்கா நடுவில் நின்று சொன்னாள். வேல்ஸ் கரையில் ஒரு முனை இருக்கிறது. முனைக்கு அப்பால் ஒரு தீவு. கெல்டிக் துறவிகள் ஆயிரக்கணக்கில் அந்த மண்ணில் கிடக்கிறார்கள். கரையோரமாகக் கோவில் கோவிலாக நடந்துபோய்ப் படகு ஏறவேண்டும். மூன்று தரம் போனால் ரோமாபுரிக்கு ஒருதரம் போன பலன். அந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்ட ஆத்துமா எதுவும் அழிவதில்லை என்று அவவின் ஆட்கள் சொல்லுவார்கள்.

அம்மா வாயைத் திறந்தார். குரல் கரகரத்தது.

“குழந்தையளையும் சேர்ப்பினமோ? கேள், பிள்ளை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையளையும்.”

அக்கா கேட்டாள். ஐரிஷ் மனுசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தைகளைத்தான் முதலில் சேர்ப்பார்கள் என்றா. அது அவ அந்த நேரத்தில் தானாகச் சொன்னது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. வேறு என்னத்தைச் சொல்லுவது? எதிரே இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல யாரால் முடியும்?

அன்றைக்கே அம்மா நேர்த்தி வைத்தார். ஊரில் மடு மாதா கோவிலுக்கு நடப்பதுபோல நடப்பது. வெறுங்காலோடு. பாதியில் திரும்புவதில்லை. அம்மாவின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து மடுவுக்கு அப்படி நடந்தவர். வேலைக்குப் போன அப்பா வந்ததும் அம்மா எழுந்து நின்று சொன்னார்.

“பிள்ளையைத்தான் தரேல்லை. உடுப்பையாவது நல்ல மண்ணிலை அடக்கம் செய்யிறன். நீங்கள் வந்தாலும் சரி, வராட்டிலும் சரி.”

அப்பா நீண்ட நேரம் தொப்பியைக் கையில் சுழற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “நடப்பம்” என்றார். நடந்தால் களைப்பார், களைத்தால் நித்திரை வரும், நித்திரை வந்தால் மறப்பார் என்று அவர் எண்ணியிருக்கிறார். இதை அவரே பிற்காலத்தில் அக்காவுக்குச் சொன்னார். வாத்தியார்மாருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

பள்ளிக்கூட விடுமுறையில் போனோம். ரயிலில் போய், பஸ்ஸில் போய், கடலைப் பார்த்தபடி நின்ற ஒரு பழைய கற்கோவிலில் இறங்கினோம். கோவிலுக்குள் ஈரச் சுண்ணாம்பு மணம். ஆளில்லை. அம்மா முழங்காலில் இருந்து எழும்பி, சப்பாத்தைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தார்.

“இஞ்சாரும், இது மடு ரோட்டில்லை. குளிர். விறைச்சுப் போவீர்.”

“நான் மாதாவுக்குச் சொல்லிப்போட்டன்.”

“மாதாவுக்கு இந்த ஊர்க் குளிர் தெரியும்.”

அம்மா நடக்கத் தொடங்கிவிட்டார். அப்பா சப்பாத்தைத் தன் மழைக்கோட்டுப் பைகளில் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டு பின்னால் நடந்தார். எங்களிடம் முதுகுப்பை என்று ஒன்றும் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சூட்கேசைக் கயிற்றால் கட்டித் தோளில் மாட்டியிருந்தார். நடக்கும்போது அது அவர் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.

இடப்பக்கம் வயல், வலப்பக்கம் கடல். மழை மேலிருந்து விழவில்லை. கடலிலிருந்து குறுக்காக வந்தது. வேலிக்கு வேலி ஒரு படலை, அல்லது ஏறி இறங்க ஒரு மரப்படி. நான் படலைகளை எண்ணத் தொடங்கினேன், வேறு செய்ய ஒன்றும் இல்லாததால். அப்பா தமிழில் செபமாலை சொல்லுவார், அக்காவும் நானும் மறுமொழி சொல்லுவோம், காற்று பாதியைக் கொண்டுபோய்விடும். வழியில் மற்றக் கோவில்கள் எல்லாம் பூட்டியிருந்தன. பூட்டிய கதவில் நெற்றியை வைத்து அம்மா கொஞ்ச நேரம் நிற்பார். இரவு தங்க அறை கேட்ட வீடுகளில் முதலில் ஜன்னல் திரை அசையும், பிறகு கதவு திறக்கும், பிறகு இடம் இல்லை என்பார்கள். ஒரு நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தோம். ஒரு நாள் வைக்கோல் கொட்டிலில். ஈரக் கம்பளியின் மணமும் செம்மறிப் புழுக்கையின் மணமும் எங்கள் எல்லாரிலும் ஏறிவிட்டது.

“மூண்டு தரம் வந்தால் ரோமுக்கு ஒருதரமாம்,” என்றாள் அக்கா, வைக்கோலை முடியிலிருந்து எடுத்துக்கொண்டு. “இதுக்கு ரோமுக்கே போயிருக்கலாம். அங்கை வெயிலெண்டாலும் இருந்திருக்கும்.”

“வாயை மூடு.”

“நீ படலையை எண்ணு. நான் வாயை மூடுறன்.”

ஒரு பண்ணை வீட்டுக்காரி மட்டும் எங்களைப் படலையில் மறித்து, அவித்த உருளைக்கிழங்கைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். அம்மாவின் கால்களைப் பார்த்தாள். உள்ளே ஓடிப்போய்த் தடித்த காலுறை ஒரு சோடி கொண்டுவந்தாள். அம்மா அதை வாங்கி, கும்பிட்டு, என் கைகளில் மாட்டிவிட்டார். அந்தச் சாம்பல் நிறக் காலுறைகளைப் பிறகு எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. உருளைக்கிழங்கின் சூடு அவற்றுக்குள்ளால் கைக்கு வந்தது நினைவிருக்கிறது.

அந்தக் கரையில் மஞ்சள் பூப்பூக்கும் முட்பற்றைகள் அதிகம். ஒவ்வொரு மாலையும் அப்பா அம்மாவின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துச் சட்டை ஊசியால் முள் எடுப்பார். அம்மா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை அப்பாவின் மூக்கு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக அம்மாவின் பாதத்தில் விழுந்தது. மழைத்தண்ணீர் என்று நினைத்தேன். ஆனால் அன்று மாலை மழை பெய்யவில்லை.

நிலம் முடிகிற இடத்துக்கு வந்தபோது தீவு தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும் மாடுபோல இருந்தது. இவ்வளவு கிட்டவா என்று அக்கா கேட்டாள். இடையில் இருந்த தண்ணீர் சும்மா இருக்கவில்லை. ஆறுபோல ஓடியது, சுழன்றது, வெள்ளையாக உடைந்தது. படகுக்காரர் குழாய் புகைக்கும் கிழவர். அப்பா கேட்டு முடிக்கும் முன்பே தலையாட்டினார்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“காத்தாம். நாளைக்குப் பாப்பமாம்.”

நாளைக்கும் காற்று. அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு காலையும் குன்றால் இறங்கிப் போவோம். கிழவர் எங்களைத் தூரத்தில் கண்டதும் தலையாட்டத் தொடங்கிவிடுவார். அம்மா தீவைப் பார்த்தபடி புல்லில் முழங்காலில் இருப்பார், பிறகு அப்படியே குப்புறக் கிடப்பார், உடுப்பு நெஞ்சுக்கு அடியில். கொண்டுவந்த பாண் முடிந்தது. அப்பாவின் லீவும் முடிந்தது. கடைசிக் காலையில் அவர் அம்மாவின் பக்கத்தில் குந்தினார்.

“வெளிக்கிடுவம். இதுக்கு மேலை நிண்டால் வேலை போயிடும்.”

“நேர்த்தி வைச்சுப் பாதியிலை திரும்பிறேல்லை.”

“படகு போகேல்லையே. மாதா கோவிக்கமாட்டா.”

“நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் திரும்பேல்லை.”

அப்பா எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பயம். அதுவரை அப்பாவிடம் அதை நான் கண்டதில்லை. படகுக்காரக் கிழவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். மேலே ஏறிவந்து, குழாயை வாயிலிருந்து எடுத்து, பாறைகளுக்குக் கீழே காட்டி ஏதோ சொன்னார்.

“அங்கை மாதா கிணறு ஒண்டு இருக்காம்,” என்றார் அப்பா. “அந்தக் காலத்திலை படகு கிடைக்காத ஆக்கள் அதிலை தண்ணி குடிச்சுப்போட்டுத் திரும்புவினமாம். அவைக்கும் முழுப் பலனாம்.”

அம்மா எழுந்தார்.

பாறையில் வெட்டிய படிகள், பாசி பிடித்தவை. நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். கீழே, அலை வந்து தொடும் இடத்தில், பாறைக்குள் ஒரு குழி. அப்பா கையை விட்டு நக்கிப் பார்த்தார். “நல்ல தண்ணி. ஊரிலை கீரிமலைக் கேணி மாதிரி.” கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர். அம்மா குடிக்கவில்லை. தாளைப் பிரித்து உடுப்பை எடுத்தார், குழிக்குள் அமிழ்த்தினார். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தலையைத் தாங்குவதுபோல ஒரு கையால் கழுத்துப் பக்கத்தைத் தாங்கினார். மூன்று தரம் அமிழ்த்தினார். பிறகு படியின் கடைசி விளிம்புக்குப் போய், தீவைப் பார்த்து, உடுப்பைக் கடலில் விட்டார்.

அலை அதை எடுத்துக்கொண்டது. அம்மா திரும்பி வரவில்லை. ஒரு படி இறங்கினார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. இன்னுமொரு படி.

“இஞ்சாரும், நில்லும்,” என்றார் அப்பா.

அம்மா நிற்கவில்லை. அக்கா என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

“எனக்குத் தெரியும். பிள்ளை எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியும்.”

அம்மா நின்றார். திரும்பினார். முழங்காலுக்குத் தண்ணீர்.

“என்ன தெரியும்?”

“நான் போனனான். நானும் பெட்டி கொண்டுவந்தவனும்தான். வேறை ஒருத்தரும் இல்லை.”

“எங்கை?”

“வீட்டுக்குக் கிட்ட. நான் வேலைக்குப் போற பஸ் அந்தச் சுவரோரமாத்தான் போறது.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஓம்.”

அலை வந்து போனது. அப்பா வேகமாகப் பேசத் தொடங்கினார், வகுப்பில் அகப்பட்ட பையனைப்போல. “வார்ட் சிஸ்டர்தான் சொன்னவ, உமக்குச் சொல்லப்படாதெண்டு. அடுத்த பிள்ளை வந்தால் மறந்துபோடுவீராம். இந்த ஊரிலை எல்லாருக்கும் அப்பிடித்தானாம். சொன்னால் நீர் அங்கையே போய்க் கிடப்பீரெண்டு பயந்தன்.”

“நான் இஞ்சை கிடந்தனான்,” என்றார் அம்மா.

அம்மாவே மறுபடியும் கேட்டார்.

“தனியவோ வைச்சவை?”

“இல்லை. பொதுக்குழி. வேறையும் பிள்ளையள் இருந்தவை. ஆரெண்டு தெரியாது.”

“ஒண்டும் சொல்லாமலோ? ஒரு செபமும் இல்லாமலோ?”

அப்பா பாறையில் குந்தினார். “பக்கத்திலை ஒரு தண்ணிக் குழாய் நிண்டது. கையிலை ஏந்திக்கொண்டு வந்து பெட்டியிலை ஊத்தினன். மூண்டு தரம் போய் வந்தன். ஞானஸ்நானத்துக்குச் சொல்லவேண்டியதைச் சொன்னன். செத்த பிள்ளைக்குச் செல்லாது. செல்லாதெண்டு தெரிஞ்சுதான் செய்தனான். பெட்டிக்காரன் என்னைப் பைத்தியமெண்டு பாத்தவன்.”

அம்மா தண்ணீரைவிட்டு வெளியே வந்தார். அப்பாவின் முன்னால் நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“என்ன பேர் வைச்சனீங்கள்?”

அப்பா பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். அம்மா அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இன்னொருமுறை சொன்னார். அப்போதுதான் அவருக்குக் கடலின் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தார்.

உடுப்பு வெகுதூரம் போகவில்லை. காற்று உள்ளே புகுந்து, கைகள் விரிந்து, குழந்தை மல்லாந்து கிடப்பதுபோல மிதந்தது. அம்மா ஒரு சத்தம் போட்டார். அதை எந்த எழுத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. அப்பா கோட்டோடு கடலுக்குள் இறங்கினார். அவருக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவில் போனார், நெஞ்சளவில் போனார். கோட்டுப் பையிலிருந்து அம்மாவின் சப்பாத்து ஒன்று வெளியே வந்து மிதந்தது. அக்கா “அப்பா, அப்பா” என்று கத்தினாள். அம்மா பாய்ந்து போய்க் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்தார்.

“விடுங்கோ. போகட்டும். இதுகள் ரெண்டும் இருக்குதுகள். திரும்புங்கோ.”

கிழவர் மேலிருந்து இறங்கி வந்து கயிறு எறிந்தார். அவர்கள் இருவரும் படியில் கிடந்து இருமினார்கள். நான் உடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளை அலை வந்தது. அது போனபிறகு எல்லா அலையும் வெள்ளையாக இருந்தது.

ரயிலில் வரும்போது அம்மா ஒற்றைச் சப்பாத்தை மடியில் வைத்திருந்தார்.

லண்டனுக்கு வந்து அடுத்த ஞாயிறு, பூசைக்குப் போகாமல், நாங்கள் நால்வரும் அந்தச் சேமக்காலைக்குப் போனோம். பஸ் வேண்டாம் என்றார் அம்மா. நடந்தோம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற தூரம்கூட இல்லை. வழியில் நாங்கள் மீன் வாங்கும் கடை இருந்தது.

அப்பா வாசலில் தடுமாறினார், பிறகு வழி கண்டுபிடித்தார். ஒரு பச்சைவேலி. வேலியோரமாக ஒரு வரிசைக் கற்கள். வரிசையின் தொடக்கத்தில் அந்த இரும்புத் தண்ணீர்க் குழாய், அடியில் தகர வாளி. கற்களுக்கும் வேலிக்கும் நடுவில் வெறும் புல். ஓரிடத்தில் நின்று, “இதுதான்” என்றார். அங்கே ஒன்றும் இல்லை. குச்சிகூட இல்லை. அம்மா வழமைபோலக் கைப்பையைத் திறந்து உள்ளே தேடினார். பிறகு கையை வெளியே எடுத்தார். அவரிடம் கொடுக்க இருந்த ஒரே பொருள் வேல்ஸ் கடலில் போயிருந்தது.

அவர் குழாயடிக்குப் போனார். கையில் தண்ணீர் ஏந்திக்கொண்டு வந்து புல்லில் ஊற்றினார். மூன்று தரம். அப்பா பக்கத்தில் நின்று, செல்லாத வார்த்தைகளைத் திரும்பவும் சொன்னார்.

“இந்த இடத்தை எப்பிடி ஞாபகம் வைக்கிறது?” என்றாள் அக்கா. முன்னால் இருந்த கல்லைக் குனிந்து பார்த்தாள். “இந்தக் கல்லிலை பேர் இருக்கு. எழுதி வைப்பமே?”

“வேண்டாம்,” என்றார் அம்மா. “வேறை ஆற்றையோ பேரைச் சொல்லி என்ரை பிள்ளையைத் தேடேலாது. தம்பி, நீதானே எல்லாம் எண்ணுறனி. குழாயிலையிருந்து எண்ணு.”

எண்ணினேன். பதினான்கு. திரும்பிப் போய் மறுபடி எண்ணினேன். பதினான்காவது கல்லுக்குப் பின்னால்.

அன்றிலிருந்து எண்ணுகிறேன். ஆத்துமாக்கள் திருநாளுக்கு நீங்கள் பூவோடும் மெழுகுதிரியோடும் உங்கள் ஆட்களிடம் போவீர்கள். நாங்கள் வெறுங்கையோடு போய்க் குழாயைத் திறப்போம். அம்மாவும் அப்பாவும் அதன்பிறகு சண்டை பிடித்ததில்லை. சிரித்துப் பேசியதும் இல்லை. அடுத்த பிள்ளை வரவில்லை. அப்பாவின் சவப்பெட்டியை மூடும்போது அம்மா அவர் காதுக்குக் கிட்டக் குனிந்து ஏதோ சொன்னார். தங்கச்சியின் பெயர் என்று அக்கா சொல்லுகிறாள். அம்மாவைக் கலியாணச் சேலையில்தான் அடக்கம் செய்தோம், தலைப்பு வெட்டியிருந்த பக்கம் கீழே வரும்படி மடித்து. அதற்கு முந்தைய வாரம்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, “தண்ணி ஊத்தினனியே?” என்று கேட்டார். “ஓம் அம்மா” என்றேன். ஊற்றித்தான் இருந்தேன்.

இனி, நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். சுகமில்லாமல் இரண்டு வருடம் நான் போகவில்லை. போன கார்த்திகையில் போனபோது குழாய் இல்லை.

பளபளக்கும் புதுக் குழாய் ஒன்றை வாசலடியில் வைத்திருக்கிறார்கள். பழையது நின்ற இடத்தில் புல். விழக்கூடும் என்று கற்களில் பலவற்றைச் சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள்; சிலவற்றை மண் மூடிவிட்டது. வேலியையும் வெட்டிவிட்டார்கள். புல் வெட்டும் பையனிடம் கேட்டேன். அவன் வேலைக்கு வந்து ஆறு மாதம். கந்தோரில் கேட்டேன். பெயர் என்ன என்றார்கள். அப்பா தண்ணீர் ஊற்றி வைத்த பெயர் அவர்களிடம் எப்படி இருக்கும்?

அக்காவை இல்ஃபோர்ட்டிலிருந்து வரச்சொன்னேன். இரண்டு ரயில் மாறி வந்தாள், முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு.

“வேலி இந்தப் பக்கம்தான் இருந்தது,” என்றாள்.

“இல்லை. அந்தப் பக்கம். நாங்கள் வெயிலைப் பாத்துத்தான் நிக்கிறனாங்கள்.”

“இந்த ஊரிலை எந்த வெயிலை நீ கண்டனி?”

“உனக்கு எண்ணத் தெரியாது.”

“உனக்கு எண்ண மட்டும்தான் தெரியும்.”

கடைசியில் அவள் ஒரு போத்தல் தண்ணீரை அவள் சொன்ன இடத்தில் ஊற்றினாள். நான் நான் சொன்ன இடத்தில் ஊற்றினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ் நிறுத்தலாம். இருவரும் எதிரெதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்குக் கண் மங்கி வருகிறது. எனக்கு இதயத்தில் இரண்டு கம்பிச்சுருள். எங்கள் இருவருக்கும் பிறகு அந்தப் பெயரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

எண்ணிக்கை என்னிடம் இருக்கிறது. எங்கிருந்து எண்ணுவது என்பது என்னிடம் இல்லை.

உங்களில் சிலர் அந்தக் காலத்திலேயே டூட்டிங் பக்கம் வந்தவர்கள். அந்தச் சேமக்காலையில் தகப்பனையோ மனைவியையோ வைத்திருக்கிறீர்கள். பூவுக்குத் தண்ணீர் பிடிக்க அந்தப் பழைய இரும்புக் குழாய்க்குப் போயிருப்பீர்கள்; திறந்தால் முதலில் உறுமும், பிறகு துருத் தண்ணீர் வரும், பிறகுதான் நல்ல தண்ணீர். அடியில் தகர வாளி. அது எந்த இடத்தில் நின்றது என்று யாருக்காவது நினைவிருந்தால் சொல்லுங்கள். உங்கள் ஆளின் கல்லிலிருந்து இடமா வலமா, கிட்டவா தூரவா, அவ்வளவுதான். ஞாயிறு பூசைக்குப் பிறகு நான் படியின் இடப்பக்கம் நிற்பேன். குழாய் நின்ற இடத்தை மட்டும் காட்டிவிடுங்கள். மிச்சத்தை நான் எண்ணிக்கொள்வேன்.